ரூட் கனால்: வேருக்குள் எப்படிக் கழுவுகிறார்கள், நாற்காலியில் நீங்கள் என்ன செய்ய வேண்டும்

நரம்பை எடுத்துவிட்டு அடைப்பதுதான் ரூட் கனால் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எடுப்பதும் அடைப்பதும் சின்ன வேலை. நடுவில் வருகிற கழுவுதல்தான் பெரிய வேலை. அந்தப் பல் பல வருஷம் நிற்குமா, இல்லை இரண்டே வருஷத்தில் மறுபடி ஈறு வீங்கி டாக்டரிடம் ஓட வேண்டியிருக்குமா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

நான் டாக்டர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு புளோக் கீழே இருக்கும் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று சக்ஷன் (வாயில் தேங்கும் தண்ணியை உறிஞ்சும் குழாய்) பிடிக்கிற, மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக் கையில் கொடுக்கிற ஆள். எங்களிடம் வரும் தமிழ் ஆட்கள், அதிலும் வயதான அம்மாக்கள், எழுந்து வாய் கொப்பளித்ததும் கேட்பது இதுதான்: "ஏம்மா, மிஷின் சத்தம் நின்னு எவ்வளவு நேரமாச்சு, டாக்டர் சும்மா தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாரே, அதுக்கா இவ்வளவு காசு?" ஆமாம்மா, அதுக்குத்தான். ஏன் என்று நின்று சொல்ல கிளினிக்கில் நேரம் இருப்பதில்லை, அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்னதான் இருக்கிறது

பல்லின் நடுவில் பல்கூழ் என்ற மென்மையான சதை இருக்கிறது. நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அதில்தான். அது வேருக்குள் மெல்லிய குழாய்களாக இறங்கி, வேர் நுனியில் இருக்கும் ஓட்டை வழியாக எலும்புப் பக்கம் போகிறது. சொத்தை ஆழமாகிக் கூழைத் தொட்டால் கிருமி உள்ளே போய்விடும், கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். இப்படித் திறந்துபோன கூழ் சாவதற்குக் காரணம் கிருமிதான், வெறும் ஓட்டை இல்லை என்பதை 1965-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லில் துளை போட்டுக் கூழைத் திறந்து அப்படியே விட்டார்கள், சாப்பாடுகூட உள்ளே போய் அடைத்தது, ஆனாலும் கூழ் சாகவில்லை, மேலே புதிதாகப் பல் திசு வளர்ந்து மூடிக்கொள்ளப் பார்த்தது. சாதாரண எலிகளுக்கு அதே துளை போட்டபோது கூழ் அழுகிச் சீழ் கட்டியது.

இதில் நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. கூழ் செத்துவிட்டால் அந்தக் குழாய்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. "ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன், வலி போயிடுச்சு, எதுக்கு இப்போ ரூட் கனால்" என்பவர்களுக்கு வெளியே எலும்பில் இருந்த வீக்கம்தான் அடங்கியிருக்கிறது, குழாய்க்குள் இருக்கிற கிருமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது திரும்ப வரும். கையால் உள்ளே போய்க் கழுவினால்தான் உண்டு.

சரி, கம்பி விட்டுச் சுரண்டினால் போதாதா? போதாது. வேர்க்குழாய் என்றதும் ஸ்ட்ரா மாதிரி நேரான, வட்டமான ஓட்டை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நிறைய இடத்தில் அது பட்டையாக இருக்கும், ஓரத்தில் இடுக்கு விட்டிருக்கும், இரண்டு குழாய்க்கு நடுவே மெல்லிய வெட்டு மாதிரி ஓர் இணைப்பு ஓடும், பக்கவாட்டில் கிளை பிரியும். குழாயைச் சுற்றி இருக்கும் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் கடினமான பகுதி) சுவரிலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன, கிருமி அதற்குள்ளும் புகுந்துகொள்ளும். பல்லை மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்து, ஃபைல் (அந்தச் சுரண்டும் கம்பி) ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஃபைல் தொடவே இல்லை. அந்த இடத்துக்கெல்லாம் போகக்கூடியது திரவம் மட்டும்தான். ஃபைல் வேலை செய்வது சுத்தம் செய்யக்கூட இல்லை என்பேன், மருந்துத் தண்ணி அடிவரை போக வழி வெட்டிக் கொடுப்பதுதான் அதன் முதல் வேலை.

முதலில் ரப்பர் டேம்

மரக்க ஊசி போட்டதும் உங்கள் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். நடுவில் சின்ன ஓட்டை, அதன் வழியாக அந்த ஒரு பல் மட்டும் வெளியே நிற்கும், அடியில் ஓர் உலோகக் கிளிப் பல்லைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நியூயார்க்கில் ஒரு பல் டாக்டர் 1864-இல் கண்டுபிடித்தது, இன்றைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு வரவில்லை. எச்சில் உள்ளே போகாது, எச்சிலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமியும் போகாது. மருந்து உங்கள் தொண்டைக்குள் இறங்காது. கையிலிருந்து நழுவிய குட்டி ஃபைல் ஒன்றை நீங்கள் விழுங்கிவிட மாட்டீர்கள்.

பலருக்கு இது பிடிப்பதில்லை, மூச்சு முட்டுகிறது என்பார்கள். மூக்கால் விடுங்கள், அது மூக்கை மூடுவதில்லை. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அன்றைக்கு வரும்போதே சொல்லிவிடுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் ஆளாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், லேடெக்ஸ் இல்லாத விரிப்பு இருக்கிறது. மற்றபடி இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ரப்பர் டேம் போடாமல் ரூட் கனால் ஆரம்பித்தால் "டேம் போடலையா டாக்டர்?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

டேம் போட்ட பிறகு, அல்லது அதற்குச் சற்று முன், சொத்தையை முழுக்க எடுப்பார்கள். பழைய ஃபில்லிங் ஒழுகுவதாகத் தெரிந்தால் அதையும் எடுப்பார்கள். பல்லின் ஒரு பக்கச் சுவர் இடிந்திருந்தால் முதலில் அந்தச் சுவரைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்கள். "வேர் வேலைக்கு வந்தா மேலே பூசுறாரே" என்று தோன்றும். சுவர் இருந்தால்தான் மருந்து உள்ளே குளம் மாதிரி தேங்கி நிற்கும், வழியாது.

குழாயைத் தேடுவது

மேலிருந்து ஒரு வழி திறந்து ஒவ்வொரு குழாயின் வாயையும் தேடுவார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 2 வேர், 3 குழாய். மேல் கடைவாய்ப் பல்லில் 3 வேர், ஆனால் பல சமயம் 4 குழாய். அந்த நாலாவது குழாய் இருக்கிறதே, கன்னத்துப் பக்கத்து முன்வேரில் முதல் குழாய்க்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கும், வாய் ஊசிமுனை அளவுகூட இருக்காது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் மற்ற மூன்றையும் எவ்வளவு அழகாகக் கழுவினாலும் பயனில்லை. டாக்டர் மைக்ரோஸ்கோப்பையோ கண்ணாடியில் பொருத்திய உருப்பெருக்கியையோ வைத்துக்கொண்டு பேசாமல் நிமிஷக்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பொறுமையாக இருங்கள், அவர் சும்மா இல்லை.

அப்புறம் நீளம் அளக்க வேண்டும். மெல்லிய ஃபைல் ஒன்றை உள்ளே விட்டு, உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, அபெக்ஸ் லொக்கேட்டர் என்ற சின்னக் கருவியை இணைப்பார்கள். மின்தடையை வைத்து ஃபைல் வேர் நுனியை நெருங்கிவிட்டதா என்று அது சொல்லும், பீப் பீப் என்ற சத்தம் நெருங்க நெருங்க வேகமாகும். வேர் நுனிக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை முன்னால் நிறுத்துவதுதான் வழக்கம். இந்த அளவு ரொம்ப முக்கியம், அடுத்து ஊற்றப்போகும் மருந்து எவ்வளவு ஆழத்துக்குப் போகலாம் என்பது இதை வைத்துத்தான்.

ஃபைலும் மருந்தும் மாறி மாறி

முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபைல், சின்ன நம்பர். 10 நம்பர் என்றால் நுனி 0.10 மில்லிமீட்டர், 15 என்றால் 0.15. பிறகு மோட்டாரில் சுற்றும் நிக்கல் டைட்டேனியம் ஃபைல்கள், இவை வளைந்து கொடுப்பதால் வளைந்த வேரிலும் போகும். பெரும்பாலான டாக்டர்கள் மேல் பாதியை முதலில் அகலமாக்கிவிட்டுப் பிறகு கீழே இறங்குவார்கள், மேலே இருக்கிற அழுக்கை நுனிப் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக.

ஒவ்வொரு ஃபைல் வெளியே வந்ததும் நான் சிரிஞ்சைக் கொடுக்கிறேன், அவர் மருந்து விடுகிறார், நான் சக்ஷன் பிடிக்கிறேன். பிறகு 10 நம்பர் ஃபைல் மறுபடி அடிவரை ஒரு முறை போய் வருகிறது, சுரண்டிய தூள் அடியில் அடைத்துக்கொண்டால் மருந்து கீழே போகாது, அதற்காக. மறுபடி மருந்து. இது அலுப்பூட்டும் வேலைதான். அவசரப்படும் கிளினிக்கில் முதலில் குறைவதும் இதுதான்.

ஊற்றும் மருந்தில் முதன்மையானது சோடியம் ஹைப்போகுளோரைட். பெயர் பெரிதாக இருக்கிறது, பார்த்தால் வீட்டில் துணி வெளுக்க வாங்கும் பிளீச்சில் இருப்பதும் அதேதான். மருத்துவத்தில் இதற்குப் பழைய கதை இருக்கிறது: முதல் உலகப் போரில் ஹென்றி டேக்கின் என்ற வேதியியல் ஆள் 0.5 சதவீதத்தில் கலக்கிப் போர்க்களக் காயங்களைக் கழுவக் கொடுத்தார். பல் வேரில் 0.5-இலிருந்து 6 சதவீதம் வரை டாக்டருக்கு டாக்டர் மாறுபடும். இதை விட்டால் வேறில்லை என்று சொல்ல வைப்பது அதன் இரட்டை வேலை. கிருமியைக் கொல்கிறது, செத்த கூழையும் கரைக்கிறது. கிருமியைக் கொல்லும் மருந்து ஏராளம், சதையைக் கரைப்பது இது ஒன்றுதான். பக்கத்தில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளே விட்டதும் குழாய் வாயில் பொடிப் பொடியாக நுரை கிளம்பும், தெளிவாகப் போன திரவம் பால் கலந்த மாதிரி கலங்கி வரும், சில நேரம் கூழ் ஒரு சின்ன இழையாகப் பிய்ந்து மேலே மிதக்கும். கழுவக் கழுவ நுரை குறையும், வருகிற தண்ணி தெளியும். அதற்காக நுரை நின்றதும் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் நுரை வந்துகொண்டிருக்கும்போது கண்டிப்பாக முடியவில்லை.

அது வேலை செய்ய நேரம் வேண்டும், புதிதாக வந்துகொண்டே இருக்கவும் வேண்டும், ஏனென்றால் சதையைத் தொட்டதும் குளோரின் செலவாகிவிடுகிறது. ஒரு தடவை நிரப்பிவிட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் அது வெறும் உப்புத் தண்ணி. அதனால்தான் ஃபைல் வேலை முடிந்த பிறகும் டாக்டர் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். சூடாக்கினால் வேகமாகக் கரைக்கும் என்பதால் சிலர் சிரிஞ்சைச் சூடுபடுத்தியும் விடுவார்கள். அதே சூடும் வெளிச்சமும் பாட்டிலில் இருக்கும்போது பட்டால் மருந்து வீரியம் இழக்கும், நம் ஊர் வெக்கைக்கு அது நல்லதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: ஒளி புகாத பாட்டில், குளிர்ந்த இடம், திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டு, சிரிஞ்சில் என்ன மருந்து என்று லேபிள் இல்லாமல் டிரேயில் வைக்காதே. தண்ணி மாதிரி நிறமில்லாத மருந்துகள் மூன்று நான்கு பக்கம் பக்கமாக இருக்கும்போது லேபிள்தான் காப்பாற்றும்.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது மரக்க ஊசி போடுகிற ஊசி இல்லை. 27 கேஜ், இல்லை இன்னும் மெல்லிய 30 கேஜ், நுனி மூடி, பக்கத்தில் ஓட்டை விட்டது. நுனியில் ஓட்டை இருந்தால் மருந்து நேராக வேர் நுனி வழியாக எலும்புக்குள் பாய்ந்துவிடும். ஊசி குழாயில் இறுகாமல் தளர்வாக இருக்க வேண்டும், அளந்த நீளத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். அந்த அளவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். பிஸ்டனைக் கட்டை விரலால் ஓங்கி அழுத்த மாட்டார்கள், ஆள்காட்டி விரலால் மெல்ல, ஊசியை மேலும் கீழும் அசைத்தபடி விடுவார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், சதையைக் கரைக்கும் மருந்துக்குச் செத்த சதை, உயிருள்ள சதை என்ற பேதம் தெரியாது. வேர் நுனியைத் தாண்டி வெளியே போனால் மரத்த நிலையிலும் திடீரென்று எரிச்சலோடு கடும் வலி வரும், முகம் மளமளவென்று வீங்கும், குழாய் வழியாக ரத்தம் வரும், பிறகு தோலில் கருநீலம் பாயும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் உடனே நிறுத்தி சலைனால் அலசி, முதல் நாள் ஐஸ் ஒத்தடம், அடுத்த நாட்களில் வெந்நீர் ஒத்தடம், வலி மருந்து, அடிக்கடி வந்து காட்டுவது என்று பார்ப்பார்கள். உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியது, சுருக்கென்று எரிந்தாலோ தொண்டையில் பிளீச் ருசி தெரிந்தாலோ பேச முயலாமல் இடது கையைத் தூக்குவது. தலையைத் திருப்பவே கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிளீச்சும் இதுவும் ஒன்றுதானே என்று யாரும் வீட்டில் சொத்தைப் பல்லில் பிளீச் விட்டுப் பார்க்காதீர்கள், கொப்பளிக்கவும் வேண்டாம். வாய் வெந்துபோகும், வேருக்குள் ஒரு துளியும் போகாது. கிராம்புத் தைலம் வைத்தால் ஒரு ராத்திரிக்கு வலி தணியலாம், அவ்வளவுதான்.

இடிடிஏ, கடைசிச் சுற்று

ஃபைல் சுரண்டும்போது டென்டின் தூளும் கூழின் மிச்சமும் சேர்ந்து சுவரில் ஒரு மெல்லிய பூச்சாக அப்பிக்கொள்ளும். ஸ்மியர் லேயர் என்பார்கள். சில மைக்ரான் கனம்தான், ஆனால் நுண்துளைகளின் வாயை அடைத்துவிடும். ஹைப்போகுளோரைட் இதில் இருக்கும் சதைப் பகுதியைத்தான் கரைக்கும், தாதுப் பகுதியைத் தொடாது. அதற்கு 17 சதவீத இடிடிஏ. கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும் மருந்து. சுமார் ஒரு நிமிஷம் போதும், அதிக நேரம் விட்டால் சுவரையே அரிக்க ஆரம்பிக்கும். அதன் பிறகு மறுபடி ஒரு முறை ஹைப்போகுளோரைட் விடுகிறவர்கள் உண்டு, இப்போது துளைகளின் வாய் திறந்திருப்பதால் உள்ளே போகும் என்பதற்காக.

இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் மிச்சமாகுமே என்றால் ஆகாது, இடிடிஏ குளோரினைத் தின்றுவிடும். மூன்றாவதாக 2 சதவீத குளோர்ஹெக்ஸிடின் விடும் டாக்டர்கள் இருக்கிறார்கள், கிருமியைக் கொல்லும், சுவரில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வேலை செய்யும், சதையை மட்டும் கரைக்காது. அது ஹைப்போகுளோரைட்டைத் தொட்டால் அந்த இடத்திலேயே செம்பழுப்பு நிறத்தில் திப்பித் திப்பியாகத் திரியும். பல்லில் கறை பிடிக்கும், துளைகளை அடைக்கும். அதனால் நடுவில் சலைனால் நன்றாக அலசி, காயவைத்து, பிறகுதான் அடுத்தது. வரிசை தப்பினால் நல்ல மருந்துகளே ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை, குழாயின் கடைசி சில மில்லிமீட்டரில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டு மருந்தைக் கீழே விடாது. அதற்காகத்தான் மருந்தைக் கிளறி விடுகிறார்கள். அல்ட்ராசோனிக் கருவியில் மெல்லிய கம்பி ஒன்றை மாட்டி, சுவரைத் தொடாமல் நடுவில் நிறுத்தி, 20 விநாடி அளவில் சில தடவை இயக்குவார்கள், ஒவ்வொரு தடவையும் புது மருந்து நிரப்பி. உங்களுக்குக் கீச்சென்று ஒரு சத்தமும் லேசான அதிர்வும் தெரியும், வலிக்காது. பிளாஸ்டிக் நுனியை அதிர வைப்பது, அடியிலிருந்து உறிஞ்சுவது, லேசர் என்று வேறு வழிகளும் உண்டு. எதுவுமே இல்லாவிட்டால் குழாயின் அளவுக்குப் பொருந்தும் கட்டாபெர்ச்சா (கடைசியில் குழாயை அடைக்கும் பொருள்) குச்சியைக் கையால் மேலும் கீழும் ஆட்டினாலும் ஓரளவு பலன் உண்டு. லேசர் இருக்கிறது என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பதை வைத்து மட்டும் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். டேம் போடுகிறார்களா, நேரம் எடுத்துக் கழுவுகிறார்களா என்று பாருங்கள்.

ஒரே நாளிலா, இரண்டு தடவையா

கிருமி குறைவாக இருந்து, சீழ் இல்லாமல், குழாய் காய்ந்துவிட்டால் ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. சீழ் வந்தாலோ, எவ்வளவு ஒற்றினாலும் ஈரம் நிற்காவிட்டாலோ, நேரம் போய்விட்டாலோ கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை உள்ளே வைத்து மூடி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரச் சொல்வார்கள். சுண்ணாம்பு போல வெள்ளையாக இருக்கும், காரத்தன்மை ரொம்ப அதிகம், பிஎச் கிட்டத்தட்ட 12.5, அதில் பெரும்பாலான கிருமி தாக்குப்பிடிக்காது. என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும். முன்பு ரூட் கனால் செய்து மறுபடி கெட்டுப்போன பற்களில் அது அடிக்கடி கிடைக்கிறது.

மேலே வைக்கும் தற்காலிக ஃபில்லிங் குறைந்தது 3, 4 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அது உடைந்தால் எச்சில் உள்ளே இறங்கி, அத்தனை நேரம் கழுவியதெல்லாம் வீண். தீபாவளிக்கு முன் வாரத்தில் ரூட் கனால் ஆரம்பிப்பவர்களிடம் நான் மறக்காமல் சொல்வது முறுக்கைப் பற்றித்தான். அந்தப் பக்கம் கடிக்காதீர்கள். உடைந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் போட்டு வாருங்கள், அடைத்துத் தர அதிக நேரம் ஆகாது. வலி நின்றுவிட்டது என்று இரண்டாவது தடவை வராமல் இருப்பவர்கள் நிறைய. மாதக்கணக்கில் தற்காலிக ஃபில்லிங்கோடு திரிந்துவிட்டு வந்தால் திரும்ப முதலிலிருந்து கழுவ வேண்டியிருக்கும், சில நேரம் பல்லே பிளந்திருக்கும்.

காயவைத்து அடைப்பது

அடைப்பதற்கு முன் கூம்பு வடிவக் காகிதக் குச்சிகளை விட்டு ஈரத்தை ஒற்றுவார்கள். எடுத்த குச்சி நுனியை டாக்டர் உற்றுப் பார்ப்பதைக் கவனியுங்கள். ரத்தமோ சீழோ படிந்திருந்தால் அன்றைக்கு அடைக்க மாட்டார்.

அடைக்கும் பொருள் கட்டாபெர்ச்சா. இதில் நம் தீவுக்கு ஒரு பங்கு இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியுமோ. இது இந்த வட்டாரக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்ய இதைப் பயன்படுத்துவதைச் சிங்கப்பூரில் வேலை பார்த்த வில்லியம் மான்ட்கோமரி என்ற டாக்டர் பார்த்து, 1843-இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட இதுதான் சரி என்று தெரிந்ததும் மரங்களை வெட்டித் தள்ளினார்கள், சிங்கப்பூர் வழியாகக் கப்பல் கப்பலாகப் போனது. பல் வேருக்குள் வந்தது அதே 19-ஆம் நூற்றாண்டில். இன்றைக்கும் உங்கள் பல்லுக்குள் போகும் அந்த இளஞ்சிவப்புக் குச்சியின் அடிப்படை அதுதான், துத்தநாக ஆக்சைடு கலந்திருக்கும்.

சூடு பட்டால் இளகுவதால் மற்ற கருவிகளைப் போல ஆட்டோகிளேவில் போட்டு இதைக் கிருமி நீக்க முடியாது. அதனால் வைப்பதற்கு முன் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிஷம் ஊறவைத்து, அலசித் துடைத்துக் கொடுப்போம். சீலர் என்ற பசையைத் தடவி உள்ளே வைத்து, சூடான கருவியால் மேல் பகுதியை வெட்டி, அழுத்தி, எக்ஸ்ரே எடுத்தால் அன்றைய வேலை முடிந்தது.

போகும் முன்னும் வந்த பின்னும்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மரத்த வாயோடு பிறகு கோப்பி குடித்தால் உதட்டையும் நாக்கையும் சுட்டுக்கொள்வீர்கள். நல்ல சட்டை, சேலை வேண்டாம், ஒரு துளி பட்டாலும் வெளுத்துவிடும். கண்ணாடி கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை, இதய வால்வு அறுவை, ஒவ்வாமை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள், மாத்திரை அட்டையையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

செலவைப் பற்றி: சாஸ் (CHAS) என்ற அரசு மானியத் திட்டத்தின் நீல, ஆரஞ்சு அட்டையோ முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால் சாஸ் கிளினிக்குகளில் ரூட் கனாலுக்கு மானியம் உண்டு, எந்தப் பல், எந்த அட்டை என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். நாற்காலியில் ஏறும் முன்பே கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை) தனிக் கணக்கா என்றும் சேர்த்துக் கேளுங்கள். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கிரவுன் தேவைப்படும். வளைந்த வேர், ஏற்கெனவே செய்து கெட்டுப்போனது என்றால் டாக்டரே எண்டோடாண்டிஸ்ட் எனப்படும் நிபுணரிடம் அனுப்புவார். ஊட்ரமில் இருக்கும் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கும் அப்படிக் கடிதம் கொடுத்து அனுப்புவது உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிப்பது சகஜம், டாக்டர் சொன்ன வலி மாத்திரையைச் சொன்ன நேரத்தில் போடுங்கள். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக்கைக் கூப்பிடுங்கள். வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்க்காதீர்கள், 995-ஐக் கூப்பிட்டு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.